கீழே போகிற லொறி

நிரோஜினிக்குக் குரல் பெரிது. ஹட்டனுக்கு அப்பால் மலைச்சரிவில் இருக்கும் அந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது அவள் குரல்தான். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் வம்பு, விட்டுவிடுவோம். "இது காலையில, சாப்பாட்டுக்கு முந்தி. இது ராவைக்கு, சாப்பிட்டு முடிச்சப்புறம். எங்க, திருப்பிச் சொல்லுங்க பாப்போம்!" திருப்பிச் சொல்லாமல் யாரும் அந்த மருந்து ஜன்னலைவிட்டு நகர முடியாது. தப்பாகச் சொன்னால் வரிசையில் நிற்கிற எல்லாரும் சேர்ந்து திருத்துவார்கள். அதனால் அங்கே யாருடைய சீனி வருத்தமும் யாருடைய பிரஷரும் இரகசியமாக இருந்ததில்லை. அதற்காக ஒருவரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

அரசாங்கக் கடதாசியில் அவள் மருந்தாளர். தோட்டத்துச் சனங்களுக்கு மருந்து மிஸ். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். அம்மா அந்தோனியம்மா கொழுந்து பறித்தாள். அப்பா றோலண்ட் லொறி ஓட்டினார். தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோரு என்பார்கள். அந்த ஸ்டோரிலிருந்து தூளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்குகிற லொறி அவருடையது. தோட்டத்தில் சம்பளத் தகராறு வந்தால் சனங்கள் முதலில் மறிப்பது அந்த லொறியைத்தான். றோலண்ட் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார். சாவியைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். "மறிச்சுப்புட்டாங்க, நான் என்னா செய்ய?" என்று தோட்டத்தை நடத்துகிற துரையின் ஆளிடம் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியாது.

விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்து, கொழும்பில் மருந்தாளர் பயிற்சி முடித்து, வேலை கிடைத்து அவள் மலைக்குத் திரும்பியபோது அந்தோனியம்மா மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். அரசாங்க உத்தியோகம், இனிக் கவலை இல்லை என்று நினைத்தாள். பாவம், அரசாங்கத்தை அவளுக்குத் தெரியாது.

ஒரு மாத்திரை மாறிப்போனால் முதல் விசாரணை மருந்தாளருக்கு. கொடுப்பனவு கூட்டினால் கடைசிப் பெயர் மருந்தாளருக்கு. நாட்டில் பொருளாதாரம் விழுந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. வைத்தியர்களைப் பிடித்துவைக்க அவர்களுக்கு ஒரு கொடுப்பனவைக் கூட்டினார்கள். நல்லதுதான், யாருக்கும் பொறாமை இல்லை. "எங்களுக்கு?" என்று மருந்தாளர்கள் கேட்டபோது "பார்க்கலாம்" என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நிரோஜினியோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் கட்டாருக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் போனவர்களின் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள், பழைய சம்பளத்துக்கே.

அவளுக்கு இதைவிடவும் எரிச்சல் மூட்டிய ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை மருந்துக் குழு கூடும். எந்த மருந்து தட்டுப்பாடு, எதை வெளியில் வாங்குவது என்று பேசுகிற கூட்டம். வைத்தியர்கள் உட்கார்ந்திருப்பார்கள், மேட்ரன் உட்கார்ந்திருப்பார், கணக்காளரும் உட்கார்ந்திருப்பார். மருந்தாளரைத் தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். கதவோரமாக நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மருந்தைப் பற்றிய கூட்டத்தில் மருந்தாளருக்கு உட்கார நாற்காலி இல்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளையை வாசலில் நிற்கவைத்த கதை இது.

ஆகவே தொழிற்சங்கக் கிளைக்குச் செயலாளர் தெரிவு வந்தபோது, அவள் பெயரை யாரோ சொல்ல, அவள் மறுக்கவில்லை. சொன்னவர் லலித். கினிகத்தேனைக்காரர், அவளுக்கு மூத்த மருந்தாளர், நல்ல மனுசன், முன்கோபி. அவர் அவளை நங்கி என்பார், அவள் அவரை அய்யே என்பாள். தங்கை அண்ணன் என்று சிங்களத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருவரும் தினமும் சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் ஒரே தேத்தண்ணியைப் பாதி பாதியாகக் குடிப்பார்கள்.

செயலாளரான கொஞ்ச நாளிலேயே தலைமைச் சங்கம் ஓர் அடையாள வேலைநிறுத்தம் அறிவித்தது. முதல் நாள் பின்னேரம் தீர்மானம், மறுநாள் காலையில் ஜன்னல் பூட்டு. நிரோஜினி பூட்டை மாட்டினாள். அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. தோட்டத்தில் பிறந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்றால் அது பெரட்டில் தெரிந்துவிடும். விடியக்காலையில் எல்லாரும் கூடி, யார் எந்த மலைக்கு என்று பிரித்துக்கொள்ளும் இடம் பெரட்டு. அங்கே தலைவர் ஒரு சத்தம் போட்டால் போதும், லயத்து வீட்டில் படுத்திருக்கிற நோயாளிக்கும் சேதி போய்விடும். வேலைநிறுத்தத்தைப் பற்றித் தெரியாத ஒரு ஆள் ஊரில் இருக்க முடியும் என்பதே அவள் புத்திக்கு எட்டவில்லை. சங்கம் சொல்லியிருக்கும், ரேடியோ சொல்லியிருக்கும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள். ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கிளினிக் நாள் வேறு. மலையெல்லாம் இறங்கிச் சனம் வந்து, பூட்டிய ஜன்னலுக்கு முன்னால் நின்றது.

அந்தக் கூட்டத்தில் அழகம்மா இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறவள். அன்றைக்கு மலைக்குப் போகாததால் அன்றைய சம்பளம் இல்லை. தோட்டத்தில் அதைப் 'பேர் போச்சு' என்பார்கள். இன்னொரு நாளும் பேரை இழக்க அவளால் முடியாது. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கலாம் என்று வெறுங்கையோடு திரும்பிப் போனாள். நாலைந்து நாளில் மலையில் கூடையோடு விழுந்தாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை நெற்றியைக் கிழித்துவிட்டது.

விஷயம் தெரிந்ததும் நிரோஜினி வார்டுக்கு ஓடினாள். கட்டுப்போட்ட தலையோடு அழகம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுங்க, படுங்க! என்மேல கோவமா இருக்கா அழகம்மாக்கா?"

"ஒங்கமேல எதுக்குங்க மிஸ்ஸு கோவம்? நீங்களும் எங்களாட்டம் கூலிக்குத்தானே நிக்கிறீங்க. நின்னாத்தானே தருவானுங்க." கொஞ்சம் பொறுத்து, "ஒரு வார்த்த முந்தியே சொல்லியிருந்தீங்கன்னா, முந்தின நாளே வந்துருப்பேன்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். திட்டாமல் விட்டதுதான் நிரோஜினியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தையல் பிரித்த பிறகு அழகம்மாவின் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு நின்றுவிட்டது. மாதாமாதம் அந்தத் தழும்பு ஜன்னலுக்கு வரும், மாத்திரை வாங்கும், நேரத்தைத் திருப்பிச் சொல்லும், போகும்.

அடையாள வேலைநிறுத்தத்தால் கிடைத்தது என்ன? ஒன்றும் இல்லை. தொலைக்காட்சிக்காரர் வந்து, அழுகிற நோயாளிகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதுவரை இந்த மலைப்பக்கம் எட்டிப் பார்க்காத பெரிய மனிதர்களெல்லாம் 'ஏழை நோயாளிகளை வதைக்கிறார்கள்' என்று கண்ணீர் விட்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சொல்லவே ஆத்திரமாக வருகிறது.

சில மாதம் கழித்துச் சங்கம் மறுபடி புறப்பட்டது. இந்த முறை காலவரையறையற்ற போராட்டம். எந்த வடிவத்தில் நடத்துவது என்பதைக் கிளைகளே தீர்மானிக்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரி கன்டீனுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் கிளை கூடியது. லலித் எழுந்து ஜன்னலைப் பூட்டுவோம் என்றார். கோரிக்கை கிடைக்கும்வரை பூட்டித்தான் இருக்க வேண்டும் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ஜன்னலைப் பூட்ட நான் வரமாட்டேன்" என்றாள் நிரோஜினி.

லலித்தின் முகம் சிவந்தது. பேச்சு சிங்களத்தில் நடந்தது. அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"நங்கி, என் மகனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க நான் கடன் கேட்டு நிற்கிறேன். நீ என்னடா என்றால் தர்மம் பேசுகிறாய். யாருக்கும் வலிக்காத போராட்டத்தைக் கண்டு யார் பயப்படுவார்கள்?"

"வலிக்கத்தான் வேண்டும் அய்யே. யாருக்கு வலிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நம் வரிசையில் மந்திரி நிற்கிறாரா? அமைச்சின் செயலாளர் நிற்கிறாரா? அழகம்மாதான் நிற்கிறாள். போன தடவை நாம் அடித்த அடி அவள் நெற்றியில் இருக்கிறது."

"அப்படியானால் வேறு வழி சொல். இல்லாவிட்டால் செயலாளர் பதவியை விட்டுவிடு."

நியாயமான பேச்சு. அவளிடம் அந்த நிமிடம் வழி இருந்ததா என்றால், இல்லை. எழுந்து நின்றுவிட்டாள், வாயைத் திறந்துவிட்டாள், நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அப்போது அவளுக்குத் தன் அப்பா றோலண்ட் போர்த்திக்கொண்டு படுத்திருந்த கோலம் ஞாபகம் வந்தது. அந்த நெருக்கடியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க தோட்டத்தில லொறிய மறிப்பாங்க" என்று தமிழில் ஆரம்பித்து, சட்டென்று சிங்களத்துக்கு மாறினாள். "கொழுந்து பறிக்காமல் விட்டால் பறிக்கிறவளின் சம்பளம்தான் போகும். அதனால் பறிப்பார்கள். ஸ்டோரும் ஓடும். தூளை மட்டும் கொழும்புக்கு இறங்க விடமாட்டார்கள். தூள் போகாவிட்டால் துரைக்குத் தூக்கம் போகும். என் அப்பாதான் அந்த லொறி டிரைவர், எனக்குத் தெரியும். நம்மிடமிருந்து கொழும்புக்கு இறங்குகிற லொறி எது?"

பதிலையும் அவளே சொன்னாள். தினமும் மருந்து கொடுத்து முடித்த பிறகு, வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, மருந்து இருப்பு விபரத்தையெல்லாம் கணினியில் ஏற்றி மேலிடத்துக்கு அனுப்புகிறார்கள் அல்லவா? எழுதுவினைஞர் இல்லாத குறைக்கு அவர்கள் தலையில் விழுந்த வேலை அது. கடமைப் பட்டியலில் இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. அந்த எண்களை வைத்துத்தான் கொழும்பில் கூட்டம் நடத்துகிறார்கள், அறிக்கை விடுகிறார்கள், 'தட்டுப்பாடு இல்லை' என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். அதை நிறுத்துவோம் என்றாள். வைத்தியர் எழுதின துண்டைப் பார்ப்போம், மருந்தைக் கொடுப்போம், எப்படிக் குடிப்பது என்று சொல்லிக்கொடுப்போம். சட்டப்படி நம் வேலை அவ்வளவுதான்.

கடைசி வரிசையிலிருந்து தனுஷிகா கை தூக்கினாள். வலப்பனையிலிருந்து புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளை. "மிஸ், கணக்கு அனுப்பாட்டி நமக்கு மருந்து வராதே? அப்புறமும் சனத்துக்குத்தானே அடி?"

"நல்லாக் கேட்டீங்க" என்றாள் நிரோஜினி. "தோட்டத்தில கீழ போற தூள் லொறியத்தான் மறிப்பாங்க. மேல வர்ற அரிசி மாவு லொறிய எந்தத் தலைவரும் மறிச்சதில்ல. மருந்து கேட்டு அனுப்புற ஓடர் வழக்கம்போலப் போவும். அதுல ஒரு நாளும் பிந்தக் கூடாது."

லலித் விரல்விட்டு வாரங்களை எண்ணினார். "ஒரு மாதம்" என்றார் கடைசியில். "அதற்குள் கொழும்பு கூப்பிடாவிட்டால்?"

"பதவியை விட்டுவிடுகிறேன். ஜன்னலையும் நானே பூட்டுகிறேன்."

சொல்லிவிட்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. பதவி போனால் போகட்டும். அந்தப் பூட்டை மறுபடியும் தன் கையால் போட வேண்டி வருமே என்பதுதான் பயம். கணவன் மிலான் "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே" என்றான். அவள் முறைத்த முறைப்பில் அவன் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டான்.

இந்தத் தடவை அவள் பழைய தவறைச் செய்யவில்லை. சுற்றியுள்ள தோட்டத் தலைவர்கள், தலைவிகள் எல்லாருக்கும் போன் போட்டாள். "மருந்து ஜன்னல் தொறந்திருக்கும். சனத்தப் பயப்படாம வரச் சொல்லுங்க. நாங்க போராட்டத்தில இருக்கோம், ஆனா மருந்து குடுப்போம்" என்றாள். மறுநாள் பெரட்டில் சேதி ஒலித்தது. கறுப்புப் பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு மருந்தாளர்கள் ஜன்னலில் நின்றார்கள். எல்லாரையும்விடப் பெரிய குரலில் நிரோஜினி காலைக்கு எது, ராவைக்கு எது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் கொழும்புக்கு உறைக்கவில்லை. இரண்டாவது வாரம் போன் வந்தது. முதலில் அதட்டல், அப்புறம் மிரட்டல், அப்புறம் கெஞ்சல். ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் அவளை அழைத்து இடமாற்றம் என்றார். "எங்க போட்டாலும் அங்கயும் கணக்கு அனுப்ப மாட்டேன் சேர்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தாள். வேறொரு பிரிவிலிருந்து ஓர் ஆளைக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். அந்த அப்பாவி ஒரே மாத்திரை மூன்று அளவில், நாலு கம்பெனிப் பெயரில் இருப்பதைக் கண்டு, பின்னேரமே தலைவலிக்கு இரண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

இவ்வளவு நடந்தும் மூன்றாவது வாரமும் பேச்சுவார்த்தை என்ற சொல் வரவில்லை. கிளைக்குள் முணுமுணுப்பு எழுந்தது. 'அம்மாவின் அகிம்சை' என்று யாரோ அவளைக் கேலி செய்தார்கள். லலித் கேலி செய்யவில்லை. பூட்டை மட்டும் எடுத்து மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். அது கேலியைவிட மோசம். போகிறபோதும் வருகிறபோதும் அவள் அந்தப் பூட்டைப் பார்த்தாள். ஜன்னலில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. வரிசையில் இருந்தவர்கள்கூடக் கவனித்துவிட்டார்கள்.

ஆனால் விஷயம் மலை மலையாகத் தாவியிருந்தது. நுவரெலியாப் பக்கமும் பதுளைப் பக்கமும் மருந்தாளர்கள் வட்ஸ்அப்பில் கேட்டு, அதே மாதிரி ஜன்னலைத் திறந்துவைத்துக் கணக்கை நிறுத்தினார்கள். கடைசி வாரம் கொழும்பில் ஒரு பெரிய அதிகாரி பத்திரிகையாளர் முன்னால் உட்கார்ந்து "மருந்து போதியளவு உண்டு" என்றார். "மலையகத்தில் எவ்வளவு உண்டு?" என்று ஒரு பெண் நிருபர் கேட்டாள். அதிகாரி பக்கத்து அதிகாரியைப் பார்த்தார், அவர் அடுத்தவரைப் பார்த்தார். எண் இல்லை. இந்தத் தடவை படம் பிடித்துக் காட்ட அழுகிற நோயாளியும் இல்லை. தொலைக்காட்சி அந்த மூன்று முகங்களைத்தான் திரும்பத் திரும்பக் காட்டியது.

மறுநாள் லலித் மருந்தறைக்குள் வந்தார். கையில் போன். அவருக்குத் தமிழ் அவ்வளவு வராது, ஆனாலும் அன்றைக்குத் தமிழில்தான் சொன்னார். "நங்கி, லொறி நின்டுச்சி. கொழும்பு வரச் சொல்றாங்க. ஒன்னையும்." மேசைமேல் இருந்த பூட்டை எடுத்து லாச்சியை இழுத்து அதற்குள் போட்டு மூடினார். நிரோஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாத்திரை எண்ணுகிறவள்போல நின்றாள். கண் நிறைந்திருந்ததை லலித் பார்த்தார், பார்க்காதவர்போல வெளியே போனார்.

கொழும்பில் நீள மேசை, குளிரூட்டிய அறை. சங்கத் தலைவர்கள் சம்பளத் திட்டத்தைப் பற்றியும் கொடுப்பனவைப் பற்றியும் வரிசையாகப் பேசினார்கள். மலையகக் கிளையின் முறை வந்தது.

"எல்லாரும் கேட்ட சம்பளம் எங்களுக்கும் வேண்டும். அதோடு மருந்துக் குழுவில் மருந்தாளருக்கு ஒரு நாற்காலி வேண்டும்" என்றாள் நிரோஜினி.

அதிகாரி சிரித்தார். "சம்பளம் கேட்கிற இடத்தில் தளபாடம் கேட்கிறீர்களே மிஸ்?"

"நாற்காலி இருந்தால் மிச்சத்தை மாதாமாதம் உட்கார்ந்தே கேட்கலாம் சேர். ஒவ்வொரு தடவையும் லொறியை மறிக்கத் தேவையில்லை."

அதிகாரிக்கு லொறி விளங்கவில்லை. அவர் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த லலித் இருமுவதுபோலக் கையால் வாயை மூடிக்கொண்டார்.

நாற்காலி கிடைத்தது. எழுத்தில் கிடைத்தது, எல்லா ஆஸ்பத்திரிக்கும். கேட்ட கொடுப்பனவில் பாதியைத்தான் கூட்டினார்கள். சம்பளத் திட்டத்தைத் திருத்துவது 'அடுத்த வரவு செலவுத் திட்டத்தில்' என்றார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று லலித் பொருமினார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த மாத மருந்துக் குழுவில் நிரோஜினி உள்ளே போய், நாற்காலியைச் சத்தம் கேட்கிற மாதிரி இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மேட்ரன் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். கூட்டம் முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை, ஒருமுறை எழ வேண்டிய அவசரம் வந்தபோதும்.

அடுத்த கிளினிக் நாளில் அழகம்மா வந்தாள். மாத்திரை வாங்கினாள், நேரத்தைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னாள். ஆனாலும் நகரவில்லை.

"ஏங்க மிஸ்ஸு, ஒங்க சம்பளம் என்னாச்சு? குடுத்தானுங்களா?"

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. அங்கேதான் எதுவும் இரகசியம் இல்லையே.

"அரைப் பேருதான் போட்டுருக்காங்க அழகம்மாக்கா" என்றாள் நிரோஜினி.

அரைப் பேர் என்றால் என்ன என்று அந்த வரிசையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுவையில் குறைந்தால் பாதிச் சம்பளம் போடுகிற வழக்கத்தில் காலம் தள்ளுகிறவர்கள் அவர்கள். அழகம்மா தழும்பேறிய புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தாள். மருந்துப் பையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அரைப் பேரு வாங்கினவ மறுநாளு வீட்டுலயா படுத்துருப்பா? மலைக்குப் போவணுமுல்ல. போங்க மிஸ்ஸு, நாங்க இருக்கோம்."

நிரோஜினிக்குக் குரல் வரவில்லை. அவ்வளவு பெரிய குரல், அந்த ஒரு நிமிடம் எங்கேயோ போய்விட்டது. அடுத்த துண்டை வாங்கினாள்.

"இது காலையில, சாப்பாட்டுக்கு முந்தி" என்று அவள் ஆரம்பிக்கும் முன்பே வரிசை முழுவதும் சேர்ந்து சொன்னது.